பச்சை அக்கா எழுதிய ஒரு வரி

பச்சை அக்காவும் நானும் ஒன்பது வருடம் எதிரிகளாக இருந்தோம். சண்டை சச்சரவு எதுவும் கிடையாது, சம்பளத்துக்காக ஏற்ற பகை. நாலு மாடிக் கடையின் மூன்றாவது மாடியில், டிவி வரிசை முடிந்து செல்போன் வரிசை தொடங்குகிற இடத்தில், கையில் வைத்து விளையாடும் கேம் மெஷின்களுக்கென்று ஒரு மூலை ஒதுக்கியிருந்தார்கள். அங்கே இரண்டு போட்டிக் கம்பெனிகளுக்கு இரண்டு கவுண்டர். ஒன்றில் பச்சை பனியனில் அவள். எட்டடி தள்ளி எதிரே ஆரஞ்சு பனியனில் நான். லிஃப்டிலிருந்து இறங்கி வருகிறவர் அந்த எட்டடிக்குள் வலப்பக்கம் திரும்புகிறாரா இடப்பக்கம் திரும்புகிறாரா என்பதுதான் எங்கள் இருவருடைய பிழைப்பும்.

எங்களைப் புரோமோட்டர் என்பார்கள். கடைக்காரருக்கு நாங்கள் கம்பெனி ஆட்கள். கம்பெனிக்கு ஏஜென்சி ஆட்கள். ஏஜென்சிக்கு வெறும் நம்பர். காலை பத்து மணிக்கு நிற்க ஆரம்பித்தால் கடை மூடும்வரை உட்காரக் கூடாது. அக்கா எனக்கு இரண்டு வருடம் முன்பே வந்து நின்றவள். முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் கயிறு கயிறாகப் புடைத்திருக்கும். அதன்மேல் இறுக்கமான காலுறையை மாட்டிக்கொண்டு, யாரைப் பார்த்தாலும் இப்போதுதான் எழுந்து வந்தவள் போலச் சிரிப்பாள். எனக்கு அந்தச் சிரிப்பு வராது. வருகிறவர்கள் என்னைப் பார்த்து, உனக்கு நாங்கள் என்ன கெடுதல் செய்தோம் என்பது போலத்தான் போவார்கள்.

தொழிலில் அவள் கெட்டிக்காரி. கேம் விளையாடுவது அவளுக்குத் துளியும் பிடிக்காது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். "கட்டைவிரல் வலிக்குது, வேற என்ன சுகம் இதுல?" என்பாள். ஆனால் டெமோ மெஷினில் ஓடும் கார் பந்தயத்தில் எந்த வளைவில் தோற்க வேண்டும் என்று துல்லியமாகத் தெரிந்து வைத்திருந்தாள். எதிரே ஆடுகிறவன் நூலிழையில் ஜெயிக்க வேண்டும். சுலபமாக ஜெயித்தால் அவனுக்குச் சலித்துவிடும், தோற்றால் முகம் சுண்டிவிடும். நூலிழையில் ஜெயித்தவன் பெட்டியை ஒருமுறை தொட்டுப் பார்க்காமல் போக மாட்டான். இன்னொன்று, மெஷினை முதலில் பிள்ளையின் கையில் கொடுக்கவே மாட்டாள், அம்மாவின் கையில் கொடுப்பாள். "பிள்ளை எப்படியும் கேக்கும். வேண்டாம்னு சொல்லப் போறது யாரோ அவங்க கையிலதான் முதல்ல குடுக்கணும்." நான் அந்த வித்தையைத் திருடி என் கவுண்டரில் செய்தேன். பார்த்துவிட்டுச் சிரித்தாள், அவ்வளவுதான்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் எங்கள் இருவருக்கும் அவரவர் கம்பெனிக்கு ரிப்போர்ட் அனுப்பும் வேலை உண்டு. எத்தனை விற்றது, எத்தனை மீதி என்று எழுதிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு கட்டம் வரும்: 'போட்டிக் கம்பெனி பற்றிக் கேள்விப்பட்டவை.' நல்ல தமிழில் சொன்னால் வேவு. என்னை அவள் வேவு பார்த்து எழுத வேண்டும், அவளை நான். காலியாக விட்டால் ஏஜென்சியிலிருந்து போன் வரும். உண்மையை எழுதினால் எதிரில் நிற்கிறவர் வயிற்றில் அடித்தது போலாகும். அதனால் இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. திங்கட்கிழமை கடை திறக்கும் முன் சரக்கு இறக்கும் பின்வாசல் படியில் உட்கார்ந்து, ஆளுக்கொரு காகிதக் கோப்பை டீயோடு, என்னைப் பற்றி அவள் எழுத வேண்டியதை நான் சொல்வேன், அவளைப் பற்றி நான் எழுத வேண்டியதை அவள் சொல்வாள்.

"உங்க போஸ்டர் ஓரம் கிழிஞ்சிருக்குன்னு எழுதிக்கவாக்கா?"

"போன வாரமும் அதைத்தானே எழுதின. இந்த வாரம் ஒரு டெமோ மெஷின்ல சார்ஜ் நிக்கலைன்னு எழுது."

இப்படி, யாருக்கும் காயம் படாத சங்கதிகள். எங்கள் கடையில் மட்டுமில்லை, மற்ற ஊர்க் கடைகளிலும் இதே கதைதான். பயிற்சிக்குப் போகும்போது மற்ற புரோமோட்டர்களைப் பார்த்துக் கண்ணடித்துக்கொள்வோம். இதையெல்லாம் ஹெட் ஆபீஸில் சேர்த்துவைத்து, கூட்டிக் கழித்து, கலர் கலராகப் படம் போட்டு ஆராய்கிறார்கள் என்று ஒருமுறை கேள்விப்பட்டோம். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்கு மதி எங்கே போச்சு என்று அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது.

அக்காவின் வீட்டுக்காரர் தொலைதூர பஸ் ஓட்டியவர். நான் மாமா என்பேன், அவர் என்னை மாப்ளே என்பார். சர்க்கரை வியாதி அவருடைய வலது கண்ணை ஏற்கெனவே தின்றுவிட்டது. வண்டி ஓட்டுவதும் அதோடு போயிற்று. மீதியிருந்தது இடது கண் ஒன்றுதான். அதற்கு மாதம் ஒரு ஊசி, கண்ணுக்குள்ளேயே. தவறாமல் போட்டால் பார்வை நிற்கும், விட்டால் போய்விடும் என்று டாக்டர் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார். ஊசியின் விலையை நான் சொல்லப் போவதில்லை. வீட்டில் ஒவ்வொரு பொருளாகக் காணாமல் போனது என்று சொன்னால் போதும். முதலில் மாமாவின் பைக், அப்புறம் அக்காவின் வளையல், அப்புறம் அலமாரி. கம்பெனியின் நிரந்தர ஆட்களுக்கு மருத்துவ அட்டை உண்டு, அதில் வீட்டுக்காரருக்கும் ஊசி உண்டு. பதினோரு வருடமாக ஏஜென்சி ஆளாகவே நின்றவளுக்கு அந்த ஓர் அட்டைதான் வேண்டியிருந்தது, வேறு ஒரு ஆசையும் அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

அந்த வருடம் இரண்டு கம்பெனியும் புது மெஷின் கொண்டுவந்தன. பள்ளி விடுமுறையின் முதல் வெள்ளிக்கிழமை எங்கள் ஆரஞ்சு மெஷின் வெளியாகும், கூடவே ஒன்பது கேம். இது ஊருக்கே தெரியும். பச்சைக்காரர்கள் அதற்கு இரண்டு வாரம் கழித்து வருவதாக இருந்தார்கள். பெரிய திரை, அதே விலை, பதினோரு கேம். ஆரஞ்சு முதலில் வரட்டும், விடுமுறைக் கூட்டத்தில் அதன் முதல் சரக்கு தீரட்டும், கிடைக்காமல் ஜனங்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது அலமாரி நிறைய நாம் வைப்போம் என்பது கணக்கு. நல்ல கணக்கு, எதிராளி நானே சொல்கிறேன். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். புது மெஷின் வெளியிடுவது பந்தியா படையா என்று தெரியாமல் படுத்துப்போன கம்பெனிகள் எத்தனையோ.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் ஏரியா மேனேஜர் வந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சதவீதம். காலை வணக்கத்தைக்கூட எத்தனை சதவீதம் என்று பார்த்துத்தான் வைப்பார். புது மெஷின் வரும்போது இந்த வட்டாரத்திலிருந்து மூன்று பேரை நிரந்தரமாக்கப் போகிறோம் என்றார். என் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னார்.

"விற்பனைல நீங்க ஓகேம்மா. ஆனா அந்தக் கடைசிக் கட்டம் இருக்கே, அதைத்தான் மேல முக்கியமாப் பாக்கறாங்க. உங்க ரிப்போர்ட்டைப் படிச்சா, எதிர்ல போஸ்டர் கிழியறதைத் தவிர உலகத்துல வேற ஒண்ணுமே நடக்கலை போல இருக்கு."

அக்கா தலையை ஆட்டினாள். அவர் போன பிறகு மெஷினின் பட்டன் இடுக்குகளைக் காது குடையும் பஞ்சுக் குச்சியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே துடைத்த மெஷின் அது.

அடுத்த திங்கட்கிழமை படியில் உட்கார்ந்ததும் கேட்டாள். "தம்பி, இந்த வாரம் கொஞ்சம் கனமா ஏதாவது குடேன்."

அட்டைக்காகக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் கனமான உண்மை எதுவும் என் கையில் இல்லை. எங்கள் தேதி மாறவில்லை, விலை மாறவில்லை. என் கம்பெனி சொன்ன தேதியில் சொன்னதைச் செய்யப் போகிற சப்பைக் கம்பெனி. டீயை ஊதிக்கொண்டே யோசித்தேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"எங்க ஆளுங்க மூணு வாரம் முன்னாடியே வர்றாங்கன்னு எழுதுங்கக்கா. எங்களுக்கு ட்ரெய்னிங் தேதிகூடக் குடுத்துட்டாங்கன்னு எழுதுங்க."

"நெஜமாவா?"

"எழுதுங்கக்கா."

ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் போனை எடுத்து ஒற்றைக் கட்டைவிரலால் அந்த வரியை அடித்தாள். டீ ஆறுவதற்குள் அனுப்பியும் விட்டாள். ஒரு வாரம் பேசுவார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அதற்குள் அவள் பெயர் மேலே தெரிந்துவிடும், நமக்கு என்ன நஷ்டம்? ஆழம் தெரியாமல் காலை விட்டேன், அதுவும் என் காலையல்ல.

நடந்ததை எனக்குப் பிற்பாடு பச்சைக் கம்பெனியின் கிடங்கு ஆள் சொன்னார். அந்த ஒரு வரி ஹெட் ஆபீஸில் குண்டு போட்டது போல விழுந்தது. ஆரஞ்சு மூன்று வாரம் முன்பே வந்தால், பச்சை வருவதற்குள் அதன் இரண்டாவது சரக்கும் கடைக்கு வந்துவிடும், போட்ட கணக்கே கவிழ்ந்துவிடும். நம்பலாமா என்று அவர்களும் யோசித்திருக்கிறார்கள். அவ்வளவு முட்டாள்கள் இல்லை. அதனால் மற்ற ஊர்ப் புரோமோட்டர்களிடம், 'ஆரஞ்சு முன்கூட்டியே வருவதாக உங்கள் பக்கம் பேச்சு உண்டா?' என்று எழுதிக் கேட்டார்கள். அங்கேயும் எங்களைப் போன்றவர்கள்தானே நிற்கிறார்கள்? கடைசிக் கட்டத்துக்கு எதைப் போடலாம் என்று ஒவ்வொரு திங்களும் விழிக்கிறவர்களுக்கு, கம்பெனியே விடையையும் சேர்த்துக் கேள்வி அனுப்பினால் விடுவார்களா? 'ஆம், இங்கும் கேள்விப்பட்டோம்' என்று நாலு ஊரிலிருந்து பதில் போனது. ஒருவர் கூடுதல் பொறுப்போடு, ஆரஞ்சு கிடங்கில் இரவில் லாரி வருவதாகவும் சேர்த்து எழுதினாராம். அக்காவையும் சேர்த்து ஒரு பொய்க்கு ஐந்து சாட்சி.

பன்னிரண்டாம் நாள் அறிவிப்பு வந்தது. பச்சை மெஷின், ஆரஞ்சு சொன்ன தேதிக்கு இருபத்தாறு நாள் முன்பே கடைக்கு வரும். சதவீதம் கேக் வாங்கிக்கொண்டு நேரில் வந்தார். ஹெட் ஆபீஸ் கூட்டத்தில் திரை முழுக்க அக்காவின் வரியைப் போட்டுக் காட்டினார்களாம். நிரந்தர லிஸ்டில் அவள் பெயர் முதலில் இருக்கிறது, மெஷின் வந்த அடுத்த ஒன்றாம் தேதி உத்தரவு என்றார். மாடியில் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் பெயர் லிஸ்டிலிருந்து போய்விடும், அதனால்தான் சொல்லவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லி வருகிறேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி பயம். எதிர்க் கம்பெனியின் தேதியையே மாற்றிய பொய் என்னுடையது என்று வெளியே தெரிந்தால் எந்தக் கடையிலும் நான் நிற்க முடியாது.

அடுத்த திங்கள் படியில் அக்கா சந்தோஷமாக இருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததில்லை. "ஒண்ணாம் தேதி அட்டை வந்துடும்ப்பா. நடுவுல வர்ற ஒரு ஊசியை மட்டும் தள்ளிப் போட்டுக்கலாம்னு இருக்கோம். இனிமே விக்கறதுக்கு வீட்டுல கட்டில்தான் பாக்கி, அதை வித்துட்டா உங்க மாமா எங்க படுப்பாரு?" என்று சிரித்தாள். டாக்டர் தள்ளிப் போடாதே என்று சொன்னது எனக்குத் தெரியும். சரிதான்க்கா என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பச்சை மெஷின் வந்த காலையில் லிஃப்ட் வாசல்வரை வரிசை நின்றது. பலூன், இசை, புது பனியன். மெஷினும் அழகான மெஷின்தான், பொய் சொல்லக் கூடாது. கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. ஆனால் கேம் இல்லை. பதினோரு கேமில் இரண்டுதான் தயாராக இருந்தன, பழைய கார் பந்தயத்தின் புது வடிவம் ஒன்று, கட்டம் அடுக்குகிற விளையாட்டு ஒன்று. மற்ற ஒன்பதையும் மெஷினில் செருகும் சின்ன கேம் அட்டையில் ஏற்றுகிற ஆலைக்குப் பழைய தேதியைத்தான் கொடுத்திருந்தார்கள். மெஷினை அவசரப்படுத்த முடிந்தவர்களால் ஆலையை அவசரப்படுத்த முடியவில்லை. குழந்தை பிறந்துவிட்டது, பால் அடுத்த மாதம் வரும் என்கிற கதை.

முதல் நாள் வாங்கிப் போனவர்கள் மூன்றாம் நாளே பெட்டியோடு திரும்பி வந்தார்கள். ஒரு தகப்பன், நல்ல மனிதர்தான், இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கத்தினார்.

"ஏம்மா, நீங்கதானே என் பொண்டாட்டி கையில குடுத்து ஆசை காட்டினீங்க? ரெண்டே கேம்தான்னு அப்ப ஏன் சொல்லல?"

"அடுத்த மாசம் வந்துடும் சார்."

"அப்ப அடுத்த மாசம் வித்திருக்க வேண்டியதுதானே!"

அக்கா பெட்டியைத் திறந்து, மெஷினைத் துடைத்து, உறையில் போட்டு, திருப்பி எடுத்ததற்கான சீட்டை எழுதிக் கொடுத்தாள். அந்த வாரம் அவள் விற்றதைவிடத் திருப்பி வாங்கியதுதான் அதிகம். எதிரே நின்று ஒவ்வொன்றையும் பார்த்தேன். எனக்கு விற்கப் புது மெஷின் இன்னும் வராததால் பார்ப்பதைத் தவிர வேறு வேலையும் இல்லை.

என் கம்பெனி ஒரு நாள்கூட அசையவில்லை. பதறிப்போய் இவர்களும் முன்னே வருவார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். எங்கள் மேனேஜர்கள் பெரிய மேதாவிகள் ஒன்றும் இல்லை, முடிவெடுக்கப் பயந்தவர்கள். அந்தப் பயமே புத்திசாலித்தனமாகப் போய்விட்டது. ஒரே ஒரு போஸ்டர் ஒட்டச் சொன்னார்கள். ஒன்பது கேமின் படம், கீழே 'இன்னும் இருபத்தாறே நாள்.' தினமும் காலையில் அந்த எண்ணை மாற்றி ஒட்டுவது என் வேலை. அக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒட்டுவேன்.

எங்கள் நாள் வந்தபோது மதியத்துக்குள் சரக்கு தீர்ந்துவிட்டது. வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் பச்சைப் பெட்டியைத் ஏற்கெனவே திருப்பிக் கொடுத்தவர்கள். நான் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா வந்து ஒரு பாட்டில் தண்ணீரைக் கவுண்டரில் வைத்துவிட்டுப் போனாள். அவள் கவுண்டரில் ஒரு ஈ காக்கை இல்லை. எனக்கு அப்போதே அழுகை வந்தது. அழ முடியவில்லை, அடுத்த ஆள் பில்லை நீட்டிவிட்டார்.

ஒன்றாம் தேதி உத்தரவு வரவில்லை. கேட்டதற்கு, நிலைமை சரியாகட்டும், அடுத்த மாதம் என்றார் சதவீதம். ஏற்கெனவே ஒரு ஊசி தள்ளிப்போயிருந்தது. இன்னும் ஒரு மாதம்தானே என்று அடுத்ததையும் தள்ளினார்கள். அந்த ஒன்றாம் தேதியும் வந்தது. உத்தரவு வரவில்லை. கையில் வைத்து விளையாடும் மெஷின் தொழிலையே மூடுகிறோம் என்று பச்சைக் கம்பெனி அறிவித்தது. புரோமோட்டர்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் செய்தி வந்தது. மறுநாள் இரண்டு பேர் வந்து பச்சைக் கவுண்டரின் திருகுகளைக் கழற்றினார்கள், டெமோ மெஷின்களைக் கட்டியிருந்த இரும்புக் கம்பியை வெட்டினார்கள். அக்கா இரண்டு பனியனையும் துவைத்து, மடித்துக் கொண்டுவந்திருந்தாள். அதற்கும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

போகும்போது என்னிடம், "வரேன்ப்பா, உடம்பைப் பாத்துக்க" என்றாள். பதினோரு வருடம் நின்ற இடத்தைத் திரும்பிப் பார்க்காமல் போனாள். நானாக இருந்தால் ஒரு கண்ணாடியையாவது உடைத்திருப்பேன்.

அடுத்த வாரமே மாமாவின் இடது கண்ணுக்குள் ரத்தம் கசிந்தது. கட்டிலை விற்று ஊசி போட்டார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஒரு பழமொழி உண்டு. அதை நான் இப்போது யாரிடமும் சொல்வதில்லை.

எனக்கு அந்த வருடம் அதிக விற்பனைக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். மாடிப் பொறுப்பாளனாகவும் ஆக்கினார்கள், இப்போது நான் உட்காரலாம். கூச்சமில்லாமல் இரண்டையும் வாங்கிக்கொண்டேன். ஐந்து மாதம் அக்கா வீட்டுப் பக்கமே போகவில்லை. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், இனியும் போகாவிட்டால் நான் மனுஷனே இல்லை என்று கிளம்பினேன்.

இரண்டாவது மாடியில் ஒன்றரை அறை. நிலைப்படியின் இரண்டு ஓரத்திலும், மேசை முனையிலும் பழைய துணியை மடித்துச் சுற்றியிருந்தார்கள், மாமா இடித்துக்கொள்ளாமல் இருக்க. தரையில் பாய். மாமா உள்ளறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா சமையல் மேடைப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு வாளி வெந்நீரில் கால் வைத்திருந்தாள். ஒரு பெரிய மளிகைக் கடையில் பிஸ்கட்டைத் தட்டில் வைத்துக்கொண்டு, சாப்பிட்டுப் பாருங்கள் என்று வருகிறவர்களுக்கு நீட்டுகிற வேலை. அதிலும் நிற்கத்தான் வேண்டும்.

டீ போட எழுந்தவளைத் தடுத்தேன். குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு நான் சொன்னது பொய்க்கா. மூணு வாரம் முன்னாடி வர்றாங்கன்னு சொன்னேனே, அப்படி ஒண்ணும் இல்ல. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதனாலதான் எல்லாம் போச்சு."

அவள் கால்களை வாளியிலிருந்து எடுக்கவில்லை.

"தெரியும்ப்பா. நெஜமான்னு நான் கேட்டேன். நீ ஆமான்னா சொன்ன? எழுதுங்கக்கான்னுதானே சொன்ன. அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா அனுப்பினீங்க?"

"இன்னொண்ணு உனக்குத் தெரியாது. ரெண்டு நாள் கழிச்சு சதவீதம் போன் பண்ணாரு. இது உறுதியா, யோசிச்சுச் சொல்லுங்க, இதை நம்பித்தான் தேதியை மாத்தப் போறோம்னு கேட்டாரு. அப்ப நான் பக்கத்து அறையில இவரைப் பாத்தேன். ஒரு கண்ணால பேப்பரை மூக்குக்கிட்ட வச்சுப் படிச்சிட்டிருந்தாரு. உறுதிதான் சார்னு சொல்லிட்டேன்." வெந்நீரைக் கையால் அள்ளி முழங்காலில் விட்டுக்கொண்டாள். "நீ சொன்னது திங்கக்கிழமைப் பொய். இது நான் சொன்னது. ஊசியைத் தள்ளிப் போடலாம்னு சொன்னதும் நான்தான், அவர் வேண்டாம்னாரு. உன் பங்கு ரொம்பச் சின்னது தம்பி, அதைத் தூக்கிட்டுத் திரியாத."

பாரம் குறையும் என்று போனேன். அவள் தன்னுடையதை எடுத்துக் காட்டியதும் என்னுடையது இன்னும் கனத்தது. வேலை ஏதாவது பார்க்கட்டுமா, எங்கள் கம்பெனியில் சொல்லட்டுமா என்று உளறினேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"ஒண்ணே ஒண்ணு செய். உங்க மாமாகிட்ட மட்டும் இதைச் சொல்லிடாத. எல்லாம் தலையெழுத்துன்னு நெனச்சுட்டு இருக்காரு. தலையெழுத்துன்னா கோபப்பட ஆள் கிடையாது. நான்தான்னு தெரிஞ்சா, அவரு ஒரு வார்த்தை திட்ட மாட்டாரு. அதை என்னால தாங்க முடியாது."

தலையசைத்தேன். அதற்குள் உள்ளே ரேடியோ நின்றது. "யாரு, மாப்ளேயா? பேச்சுச் சத்தம் கேட்டுதே" என்று மாமா சுவரைத் தடவிக்கொண்டே வந்தார். இளைத்திருந்தார், ஆனால் நன்றாகச் சவரம் செய்திருந்தது. அக்காதான் செய்துவிட்டிருப்பாள். நான் கிளம்பப் போகிறேன் என்றதும் கதவுவரை வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். என் தோளில் கை வைத்துக்கொண்டு வந்தார்.

வாசலில் நின்று கேட்டார். "மாப்ளே, அந்தப் பச்சை மெஷின் நல்லா இருந்துச்சா? உங்க அக்கா அதைப் பத்தி ஒரு நாள்கூடப் பேசினதில்ல."

"நல்ல மெஷின்தான் மாமா. கேம்தான் வந்து சேரல."

"ஒரு மாசம் பொறுத்திருந்தா கேமும் வந்திருக்கும்னு ரேடியோல சொன்னானே."

"ஆமா மாமா. வந்திருக்கும்."

"அப்புறம் யாருக்கு மாப்ளே அப்படி என்ன அவசரம்?"

உள்ளே அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியும்.

"கம்பெனிக்குத்தான் மாமா" என்றேன்.

"அது சரி. அவனுங்க கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பஸ் ஓட்டிய காலத்துச் சிரிப்பு, வாய்விட்டு. பிறகு என் தோளிலிருந்து கையை எடுத்து, படி செங்குத்தாக இருக்கும், பார்த்து இறங்கு மாப்ளே என்றார். நான் பார்த்து இறங்கினேன்.